படம் பிரமாதம், தம்பி

வைத்தியலிங்கம் வரப்பில் நின்றபடி செல்போனை வாயருகே கொண்டுபோய், மறுபடியும் தொண்டையைக் கனைத்தார். பார்க்காத ஒரு படத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அதையும் பார்த்தவரின் குரலில் சொல்ல வேண்டும்.

பார்க்கவே இல்லை என்று சொல்வதும் நியாயமில்லை. ஆரம்பத்தைப் பார்த்தார். ஒரு விவசாயி வீட்டிலிருந்து கிளம்பி வயலுக்கு நடந்தான். நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். அவன் வயலுக்குப் போய்ச் சேருவதற்குள் வைத்தியலிங்கம் தூங்கிப்போனார். விழித்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மனைவி பிரகதீஸ்வரி அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தாள்.

படத்தின் பெயர் 'மூன்றாம் மதகு'. அதைப் பார்க்கச் சொன்னவர் சூர்யபிரகாஷ். சூர்யபிரகாஷிடம் ஒரு செயின் மிஷின் இருந்தது. வைத்தியலிங்கத்தின் சங்கடம் முழுவதும் இந்த மூன்று வாக்கியத்தில் அடங்கிவிடும்.

அம்மாப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்த ஊரில் சம்பா முற்றிப்போயிருந்தது. பொங்கல் தாண்டியும் வயலில் ஈரம் காயவில்லை. டயர் வைத்த அறுவடை மிஷின் உள்ளே இறங்கினால் புதைந்துவிடும். செயின் வைத்த மிஷின்தான் இறங்கும். வெளியூரிலிருந்து வந்த செயின் மிஷின்களை எல்லாம் மன்னார்குடிப் பக்கம் மடக்கிப் போட்டுக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது சூர்யபிரகாஷின் மிஷின் மட்டும்தான். டிவிக்காரர்கள் வேறு வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு நிலையை வைத்துக்கொண்டு, அதை இந்தப் பக்கம் தள்ளலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

வைத்தியலிங்கத்துக்கு ஐந்து ஏக்கர். வீட்டுச் சோறு, அடுத்த வருஷத்து விதை, தஞ்சாவூரில் படிக்கும் மகள் குந்தவையின் காலேஜ், எல்லாம் அந்த ஐந்து ஏக்கரில்தான் தலை சாய்ந்து நின்றன. மழைக்கு முன்னால் அறுத்தால் நெல். பின்னால் அறுத்தால் மாட்டுத் தீவனம்.

சூர்யபிரகாஷ் சிங்கப்பூரில் சம்பாதித்துவிட்டு வந்தவர், முப்பத்தைந்து வயசு, கல்யாணம் ஆகாதவர். மிஷின் அவருக்குத் தொழில், சினிமாதான் குடும்பம். வாட்ஸப்பில் 'முதல் வரிசை' என்று ஒரு குரூப் வைத்திருந்தார். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போலப் படத்துக்கும் அதில் முறை உண்டு. இந்த வாரம் ஒருவர் படம் சொன்னால் மற்றவர்கள் பார்க்க வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு வாய்ஸ் போட வேண்டும். அடுத்த வாரம் அடுத்த ஆளின் முறை.

வைத்தியலிங்கம் அதில் சேர்ந்தது கலைத்தாகத்தால் இல்லை. சண்டைப் படம் என்றால் இடைவேளை வரை விழித்திருப்பார், அவ்வளவுதான் அவருக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு. போன குறுவையில் அந்தக் குரூப்பில் இருந்தவர்களுக்குத்தான் முதலில் மிஷின் போனது என்பதைக் கவனித்து, மறுநாளே சேர்ந்துவிட்டார்.

"நேரா கேக்க வேண்டியதுதானே? 'தம்பி, நெல்லு முத்திப்போச்சு, மிஷின் எப்ப வரும்'னு ஒரு வார்த்தை" என்றாள் பிரகதீஸ்வரி.

"கேட்டாச்சு. 'உங்களுக்கு இல்லாததாண்ணே'ன்னுட்டாப்ல."

"அது ஒரு பதிலா?"

"ரொம்பப் பெரிய பதில். உனக்குப் புரியாது."

சூர்யபிரகாஷ் சோறு இல்லாமல் இருப்பார். ஆனால் தான் சொன்ன படத்தை யாராவது நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால்தான் வைத்தியலிங்கம் அத்தனை ஜாக்கிரதையாகத் தொண்டையைக் கனைத்தார்.

குரூப்பில் ஏற்கெனவே இரண்டு வாய்ஸ் வந்திருந்தது. ஒன்று கல்யாணம் சாருடையது. சென்னையில் பேங்க் உத்தியோகம் பார்த்து ரிட்டையராகி, அப்பா விட்டுப்போன நிலத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர். "சூர்யா, என்னப்பா படம் இது? எனக்கு ஏதாவது விரோதமா உனக்கு? நாய்கூட இவ்வளவு நிதானமா நடக்காதேப்பா!" என்று ஆரம்பித்து நான்கு நிமிடம் பேசியிருந்தார். இன்னொன்று பாலத்தடியில் டீக்கடை வைத்துக்கொண்டு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் அம்சத்துடையது. அம்சம் சுருக்கமாகப் பேசுவாள். "கண்ணு எரிஞ்சதுதான் மிச்சம்" என்று சொல்லியிருந்தாள்.

'இதுங்களுக்கெல்லாம் இந்த ஜென்மத்துல மிஷின் கிடையாது' என்று வைத்தியலிங்கம் மனசுக்குள் சந்தோஷப்பட்டார்.

அந்த நேரம் பார்த்து தெற்கே மிஷின் சத்தம் கேட்டது. மஞ்சள் நிற மிஷின் மண்பாதையில் ஊர்ந்து பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. மேலே டிரைவர் நௌஷாத். அதிராம்பட்டினத்துப் பையன், படமே பார்க்காதவன், அதனால் நிம்மதியாக இருப்பவன். பக்கத்தில் ஏறி நின்றுகொண்டிருந்தார் சூர்யபிரகாஷ். பாலத்தைத் தாண்டி நேரே வந்தால் வைத்தியலிங்கத்தின் வயல். இடப்பக்கம் திரும்பினால் கல்யாணம் சாரின் வயல்.

வைத்தியலிங்கம் சட்டென்று பட்டனை அழுத்தினார்.

"தம்பி சூர்யா! படம் பிரமாதம். பிரமாதம் தம்பி. மனசுலயே நிக்குது."

அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மிஷின் பாலத்தின் மேல் நின்றது. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நௌஷாத் இவர் பக்கம் கையை நீட்டி என்னவோ சொன்னான். வைத்தியலிங்கம் பதிலுக்கு உற்சாகமாகக் கையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் மிஷின் கிளம்பியது. கிளம்பி, இடப்பக்கம் திரும்பி, கல்யாணம் சாரின் வயலில் இறங்கியது.

"என்னங்க, அங்க போவுது?" என்றாள் பின்னால் வந்து நின்ற பிரகதீஸ்வரி.

"அவரு வயலு பாலத்துக்குப் பக்கத்துலயே இருக்குல்ல. போற வழியில இருக்கறதை அறுத்துட்டு வருவாப்ல. அதானே முறை."

ஆனாலும் அவருக்கு உள்ளே உறுத்தியது. யோசித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. வாய்ஸ் ரொம்பச் சின்னது. திட்டினவர் நான்கு நிமிடம் திட்டியிருக்கிறார். பாராட்டினவர் ஒரு மூச்சுக்குள் முடித்துவிட்டால் அது மரியாதையா?

பெரிதாகப் பாராட்டக் கதை தெரிய வேண்டும். படத்தை மறுபடி போட்டுப் பார்த்தார். அந்த விவசாயி மறுபடியும் வீட்டிலிருந்து கிளம்பி நடந்தான். வைத்தியலிங்கம் மறுபடியும் தூங்கினார். மனுஷன் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் கல்யாணம் சாரிடமே கேட்டுவிடலாம் என்று போனார். அங்கே நௌஷாத் தன்பாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தான். வரப்பில் சூர்யபிரகாஷும் கல்யாணம் சாரும் எதிரெதிரே நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் சார் தோளிலிருந்த துண்டை உதறிக் கீழே போட்டார். சூர்யபிரகாஷ் அதை எடுத்து அவர் தோளிலேயே போட்டுவிட்டு மேலும் கத்தினார்.

'நல்லா வாங்கட்டும்' என்று நினைத்துக்கொண்டார் வைத்தியலிங்கம். சூர்யபிரகாஷ் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து மெதுவாகப் பக்கத்தில் போனார்.

"சார், அந்தப் படம் கடைசில என்னதான் ஆவுது?"

"ஏன், நீர் பார்க்கலையா?"

"பார்த்தேன் சார். நீங்க எப்படிப் புரிஞ்சிக்கிட்டீங்கன்னு கேக்குறேன்."

கல்யாணம் சார் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "புரிஞ்சுக்கறதுக்கு என்ன இருக்கு? வெள்ளம் வரது. அவன் நிக்கறான். ஆத்துக்காரி போயிட்டா, பயிரும் போறது, அப்பவும் நிக்கறான். நமக்குத்தான் கால் வலிக்கறது."

இது போதும். வைத்தியலிங்கம் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, உணர்ச்சியோடு பேசினார்.

"தம்பி சூர்யா, அண்ணன் பேசுறேன். அந்தக் கடைசில வெள்ளம் வருது பாரு... அப்ப அவன் நிக்கிறான் பாரு தம்பி... என்னால முடியல. அழுதுட்டேன். உங்க அண்ணி வந்து என்னாச்சு என்னாச்சுங்கறா. நான் என்னத்த சொல்ல? சில பேருக்கு இந்தப் படம் புரியலைன்னு சொல்றாங்க. அதுக்கெல்லாம் ஒரு இது வேணும் தம்பி."

பதில் உடனே வந்தது. சிவப்பு இதயங்கள், கும்பிடும் கைகள், அப்புறம் ஒரு வரி: 'அண்ணே, நீங்கதான் நிஜமான ரசிகர்.'

அதைப் பிரகதீஸ்வரியிடம் காட்டினார். "பாத்தியா? நாளைக்கு மிஷின் நம்ம வயல்ல நிக்கும். சாக்கு எல்லாம் எடுத்து உதறி வை."

பிரகதீஸ்வரி சாக்கை உதறி வைத்தாள். மறுநாள் மிஷின் அம்சத்தின் குத்தகை வயலில் நின்றது.

வைத்தியலிங்கம் வாய்க்கால் கரையில் நின்று பார்த்தார். அம்சம் கவிழ்த்துப் போட்ட அன்னக்கூடை மேல் உட்கார்ந்திருந்தாள். சூர்யபிரகாஷ் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியால் மண்ணில் படம் போட்டு என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். அவள் தலையைத் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தாள். அவர் மண்ணை அழித்துவிட்டு முதலிலிருந்து விளக்கினார்.

"பெரிய மனசு" என்று வைத்தியலிங்கம் வீட்டில் வந்து சொன்னார். "பொம்பளை தனியா கஷ்டப்படுதுன்னு அனுப்பியிருக்காப்ல. அதுக்குப் படத்தையும் சொல்லிக் குடுக்கிறாப்ல. பாவம், மண்டையில ஏறல."

"அந்தப் பெரிய மனசுல நமக்கு எடம் இருக்கா இல்லையா?"

"இருக்கு. நாமதான் அதை வெளிய தெரியற மாதிரி செய்யணும்."

வைத்தியலிங்கத்துக்கு வெளியே தெரிவது என்றால் ஒரே அர்த்தம்தான். அது ஃப்ளெக்ஸ். காது குத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊரில் ஒரு சினிமாச் சிபாரிசுக்கு வைத்தால் என்ன குறைந்துவிடும்? அன்று மாலையே அம்மாப்பேட்டைக்குப் போய் அடித்துக்கொண்டு வந்தார். சூர்யபிரகாஷ் கண்ணாடி போட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார். கீழே ஓரத்தில் வைத்தியலிங்கம் கை கூப்புகிறார். நடுவில் கொட்டை எழுத்தில்: 'மூன்றாம் மதகு எனும் திரைக்காவியத்தை எங்கள் மண்ணுக்கு அறிமுகம் செய்த ரசனைச் சிகரமே! உன்னை வணங்குகிறோம்!'

பாலத்தடியில்தான் எல்லாரும் பார்ப்பார்கள் என்று, தன் வயலுக்குப் போகிற பாதையின் முனையில் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினார். அம்சத்தின் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நௌஷாத் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இங்க நட்டா மிஷின் எப்படிப் போவும்? பாதையில பாதியைக் கம்பு அடைச்சிருச்சே."

"மிஷின் வரும்போது பிடுங்கிக்கலாம்டா. இதப் பாத்தாத்தான் மிஷினே வரும்."

நௌஷாத் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம், பெரியவர் விவகாரம் நமக்கெதற்கு என்று டீயைக் குடித்தான்.

சூர்யபிரகாஷ் வந்து பார்த்தார். நெகிழ்ந்துபோனார். ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்று, ஃப்ளெக்ஸில் இருக்கிற அதே போஸில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். வைத்தியலிங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, என்னைப் புரிஞ்சிக்கிட்ட ஒரே ஆளு நீங்கதாண்ணே. உங்ககிட்ட எனக்குப் பேசவே ஒண்ணும் இல்லண்ணே."

"எதுக்குத் தம்பி பேச்சு? நம்ம மனசுதான் ஒண்ணா இருக்கே. அப்புறம் தம்பி, நெல்லு வந்து..."

"நெல்லு எங்கண்ணே போவப்போவுது? உங்களுக்கு இல்லாததா? இருங்க, உங்க டேஸ்ட்டுக்கு இன்னும் நாலு படம் அனுப்புறேன்."

நாலு படமும் அன்றைக்கே வந்து சேர்ந்தன. எல்லாம் வெளிநாட்டுப் படம். ஒன்றில் பனி பெய்துகொண்டே இருந்தது. ஒன்றில் ஒரு கிழவி உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தாள். மற்ற இரண்டையும் வைத்தியலிங்கம் திறக்கவில்லை. நான்கையும் பிரமாதம் என்று சொல்லிவிட்டார். மிஷின் வாய்க்காலுக்கு அக்கரையில் யாரோ ஒருவர் வயலுக்குப் போனது. அந்த ஆள் குரூப்பில் புதிதாகச் சேர்ந்து, 'மூன்றாம் மதகு' படத்தை வேகமாக ஓட்டி ஓட்டிப் பார்த்ததாக வேறு ஒத்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் டிவிக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்து தாழ்வு நிலையை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். காலையிலேயே காற்று மாறியது. மதியம் கிழக்கே வானம் கறுத்தது. ஒரு பலத்த காற்று வயலைக் குறுக்கே மிதித்துக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்தால் வடக்கு ஓரம் பூராவும் கதிர் சாய்ந்து தரையோடு தரையாகக் கிடந்தது. மேலே மழை விழுந்தால் படுத்த இடத்திலேயே முளைத்துவிடும்.

பிரகதீஸ்வரி சாய்ந்த பயிரில் கை வைத்துத் தூக்கிப் பார்த்தாள். அது நிற்கவில்லை. அவள் எதுவும் திட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால்கூட வைத்தியலிங்கம் தாங்கியிருப்பார்.

சூர்யபிரகாஷுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். 'அண்ணே, ஒரு டிஸ்கஷன்ல இருக்கேன்' என்று எழுத்தில் பதில் வந்தது.

செய்ய ஒன்றுமில்லை. மோட்டார் கொட்டகை நிழலில் போய் உட்கார்ந்தார். கையில் போன் இருந்தது. ஏதோ ஒரு வெறுப்பில் 'மூன்றாம் மதகு' படத்தைத் திறந்தார். வயிறு எரிகிறவனுக்குத் தூக்கம் வராது என்பதால் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார். அந்த விவசாயி நடந்து முடித்து, கடைசியில் வயலுக்கு வந்தும் சேர்ந்தான்.

பார்க்கப் பார்க்க வைத்தியலிங்கத்துக்கு முகம் சிவந்தது. "அடப்பாவி" என்றார். "டேய், டேய்" என்றார். ஒரு கட்டத்தில் எழுந்து நின்றுவிட்டார். படம் முடிந்ததும் பட்டனை அழுத்தினார். தொண்டையைக் கனைக்கவில்லை.

"தம்பி சூர்யா! இது ஒரு படமாடா? படம் எடுத்தவன் ஆயுசுல ஒரு நாள் வரப்புல நின்னிருப்பானா? சீரகச் சம்பாங்கறான், குண்டு நெல்லைக் காட்டுறான்! கதிரு விறைச்சுக்கிட்டு நிக்குது, மணி பிடிச்ச கதிரு நிக்குமாடா? அது பதரு! பதரைப் பாத்து ரெண்டு மணி நேரமா அழுவுறான்! அதக்கூட விடு. கண்ணு முன்னால வானம் கறுக்குது. நெல்லு முத்தி நிக்குது. இவன் அருவாளைக் கையில வச்சிக்கிட்டு வேடிக்கை பாக்குறான்! அறுக்க வேண்டியதுதானேடா? எவன் கையையாவது காலையாவது பிடிச்சு அறுக்க வேண்டியதுதானே? பொண்டாட்டி போயிட்டா பயிரையும் சாவடிக்கணுமா? இவனைப் போயி காவியம்கிற நீயெல்லாம் ஒரு ரசிகனா? எனக்கு வெக்கமா இருக்குடா, இதுக்கு ஃப்ளெக்ஸ் வேற வச்சேன்!"

அனுப்பினார். மூச்சு வாங்கியது. மனசு லேசாக இருந்தது. அந்த லேசு கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"என்ன பண்ணி வச்சீங்க?" பிரகதீஸ்வரி ஓடி வந்தாள். சத்தம் வாய்க்கால் வரைக்கும் கேட்டிருக்கிறது. "யாரைத் திட்டுனீங்க?"

"சூர்யாவை."

"குரூப்புலயா?"

வைத்தியலிங்கம் பதறிப்போய்ப் போனைத் தடவினார். அழிக்க வழி இருக்கிறது என்று குந்தவை ஒரு தடவை சொல்லிக்கொடுத்திருந்தாள். அவசரத்தில் எதையோ தொட்டார். வாய்ஸ் மறைந்தது.

"அழிஞ்சிருச்சு. நல்லவேளை."

பிரகதீஸ்வரி தன் போனை எடுத்துப் பார்த்தாள். அவளும் அந்தக் குரூப்பில் இருந்தாள். வாயே திறக்காத உறுப்பினர். "உங்க போன்ல மட்டுந்தான் அழிஞ்சிருக்கு. எனக்கு அப்படியே இருக்கு. எல்லாரும் கேட்டாச்சு. கல்யாணம் சார் கை தட்டியிருக்காரு."

"சூர்யா?"

"என்னவோ டைப் பண்ணிட்டு இருந்தாரு, நிறுத்திட்டாரு."

வைத்தியலிங்கம் கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டார். அம்சத்துக்காவது படம் புரியவில்லை; புரியாதவளை மன்னிக்கலாம். ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டு ஊரறியத் திட்டியவனை யார் மன்னிப்பார்கள்? ஐந்து ஏக்கரும் தன் வாயாலேயே போயிற்று என்று நினைத்தார். கண் கலங்கியது. 'வெள்ளம் வருது, அவன் நிக்கிறான்' என்று படத்துக்காக விட்டதாகச் சொன்ன பொய்க் கண்ணீர் அப்போது நிஜமாகவே வந்தது.

எங்கோ இடி உருண்டது. அது இடி இல்லை. மிஷின்.

பாலத்தின் மேல் மஞ்சள் மிஷின் வந்துகொண்டிருந்தது, இத்தனை நாளில் அது வராத வேகத்தில். நௌஷாத்தின் பக்கத்தில் சூர்யபிரகாஷ் நின்றுகொண்டு இவர் பக்கம் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். பாலத்தைத் தாண்டியது. இடப்பக்கம் திரும்பவில்லை. நேரே ஃப்ளெக்ஸ் முன்னால் வந்து நின்றது.

நௌஷாத் சவுக்குக் கம்பைக் காட்டி என்னவோ கேட்டான்.

"ஏத்துடா!" என்றார் சூர்யபிரகாஷ்.

செயின் சக்கரம் ரசனைச் சிகரத்தின் மூக்குக் கண்ணாடி மேல் ஏறி, வணங்கிக்கொண்டிருந்த வைத்தியலிங்கத்தை மடித்துப் போட்டுவிட்டு, பாதையில் இறங்கியது.

"அடிக்கத்தான் வர்றாப்ல. நீ வீட்டுக்குப் போ" என்றார் வைத்தியலிங்கம்.

"நெல்லு மேல மிஷினை விட்டுட்டு அடிக்கட்டும்" என்ற பிரகதீஸ்வரி, உதறி வைத்த சாக்கை எடுக்கப் போனாள்.

சூர்யபிரகாஷ் மிஷின் நிற்பதற்குள் குதித்தார். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டே வந்தார்.

"பதரா? அண்ணே, பதருன்னா சொன்னீங்க?"

"தம்பி, ஏதோ வாய் தவறி..."

"வாய் தவறியா? அதெல்லாம் கெடையாது, சொன்னதைச் சொல்லுங்க! நௌஷாத், நீ வடக்கு ஓரத்துல இருந்து பிடி, சாஞ்சதை மொதல்ல எடு. அண்ணே, அது கதிரு இல்லண்ணே! அது அவனோட தனிமை!"

வைத்தியலிங்கம் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவர் பயிர் வைக்கிறவர். சில விஷயத்தை விட முடியவில்லை.

"தனிமையா இருந்தா மருந்து அடிக்க மாட்டானா தம்பி? தூரு பூரா புகையான் பிடிச்சிருக்கு!"

"பூச்சியை யாருண்ணே பாத்தா அந்தக் காட்சியில?"

"நான் பாத்தேன்!"

மிஷின் சாய்ந்த கதிரை அள்ளி விழுங்கிக்கொண்டு போனது. பின்னால் வைக்கோல் வரிசையாக விழுந்தது. நெல் ஏற்ற ஒரு டிராக்டரும் வயலோரம் வந்து நின்றது. இரண்டு பேரும் அதன் கூடவே வரப்பில் கத்திக்கொண்டே நடந்தார்கள். மிஷின் திரும்பினால் இவர்களும் திரும்பினார்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் மேட்டுக்கு எப்படி ஏறும் என்று வைத்தியலிங்கம் கேட்டார். அது மனசின் மேடு என்றார் சூர்யபிரகாஷ். மனசுக்கு எந்த வாய்க்கால் பாசனம் என்று வைத்தியலிங்கம் கேட்டார். சூர்யபிரகாஷின் முகம் பளபளவென்று இருந்தது. அது கோபம் என்றுதான் வைத்தியலிங்கம் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைசித் துண்டை அறுக்கும்போது சூர்யபிரகாஷின் குரல் இறங்கியது. "அவன் ஏன் அறுக்கலைன்னு கேட்டீங்கல்ல. பொண்டாட்டி நட்ட பயிருண்ணே அது. அறுக்க மனசு வரல."

வைத்தியலிங்கம் நின்றார். வயலின் அந்தப் பக்கம் பிரகதீஸ்வரி டிராக்டர் ஓரத்தில் சிந்திய நெல்லைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"குனிஞ்சு குனிஞ்சு நட்டவ தம்பி. அவ நட்டது அழுகிப்போறதையா அவ பாக்கணும்? அந்தம்மா உயிரோட இருந்திருந்தா, நிக்கிறியாடான்னு வெளக்குமாத்த எடுத்திருப்பா."

சூர்யபிரகாஷ் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நான் இப்படி யோசிக்கவே இல்லையேண்ணே" என்றார். பிறகு பரபரவென்று எழுந்தார். "ஆனா இதுக்கும் ஒரு பதில் இருக்கு. நாளைக்கு வர்றேன். இருங்க, இதை மொதல்ல கல்யாணம் சார்கிட்ட சொல்லணும்." சேற்றில் கிடந்த செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, வாய்க்கால் கரையோடு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

டிராக்டர் நெல்லோடு கிளம்பியது. பிரகதீஸ்வரி மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு கூடவே போனாள். முதல் துளி வைத்தியலிங்கத்தின் மூக்கின் மேல் விழுந்தது. அறுத்த வயலில் நின்றுகொண்டு, நனைந்துகொண்டு, அவர் சிரித்தார். பல நாளைக்கு அப்புறம் அன்றுதான் அந்த வானத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருந்தார்.

நௌஷாத் மிஷினை அணைத்துவிட்டு மோட்டார் கொட்டகையில் வந்து ஒதுங்கினான். வைத்தியலிங்கம் பிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

"உங்க ஓனருக்குப் பெரிய மனசுடா. இத்தனை நாள் பாராட்டினேன், அதுக்காக வரல. ஊரறியத் திட்டினேன், அதையும் பொறுத்துக்கிட்டு, மழைக்கு முன்னால ஓடி வந்துட்டாரே!"

நௌஷாத் டீயை ஊதினான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தான். அப்புறம் சொன்னான்.

"அண்ணே, அந்த ஞாயித்துக்கிழமையே உங்க வயலுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தோம், பாலத்து மேல வரும்போது 'படம் பிரமாதம், தம்பி'ன்னு உங்க வாய்ஸு வந்துச்சு, 'இவரு நம்ம ஆளு, எப்ப வேணா அறுத்துக்கலாம், நீ வண்டியைக் கல்யாணம் சார் பக்கம் திருப்பு'ன்னுட்டாரு."